27 வருடம் தாமதமாகப் போன ஒரு பேச்சு

எங்களுக்கு மிகப் பிடித்த ஃபேன்டஸி எழுத்தாளர் ஒரு பல்கலைக்கழகத்தில் பேசினார். அந்தப் பேச்சுக்கு நாங்கள் போய்ச் சேர 27 வருடம் பிடித்தது.

1998 பிப்ரவரி 19. இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், சுருக்கமாக எம்.ஐ.டி. மேடையில் ஆக்டேவியா பட்லர், சாமுவேல் டிலேனி என்ற இரண்டு கறுப்பின எழுத்தாளர்கள். அன்றைக்கு நாங்கள் மூவரும் மூன்று வெவ்வேறு ஊர்களில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தோம். பட்லர் 2006-இல் இறந்துவிட்டார். ஆனால் பேச்சு எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் மாலை வகுப்பு எடுக்கும் காலனியில், அம்பேத்கர் படிப்பகத்தில் வைத்து அதைத் தமிழில் நடத்திக்கொண்டோம். எங்களில் ஒருத்தி பட்லர். ஒருவர் டிலேனி. மூன்றாவது ஆள் கூட்டத்திலிருந்து கேள்வி கேட்பவர், புரியாத இடத்தில் நிறுத்தி விளக்கம் சொல்பவர். நாடகம் என்று சொல்லிவிட முடியாது, காகிதத்தைப் பார்த்துப் படித்தோம். பேச்சு மட்டும் போதவில்லை என்று பட்லரின் பேட்டிகள், கட்டுரைகளிலிருந்து அவர் வீட்டுக் கதைகளையும் நடுநடுவே சேர்த்துக்கொண்டோம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

எம்.ஐ.டி. என்று சொன்னதும் பின்வரிசைப் பையன்கள், "குரோம்பேட்டையாக்கா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த எம்.ஐ.டி. அதுதான். அப்துல் கலாம் படித்தது. இது வேறு என்று சொல்லிப் புரியவைக்கவே ஐந்து நிமிடம் ஆனது. அதிலும் ஒருவன் கடைசிவரை நம்பவில்லை.

வந்தவர்கள் 20 பேருக்குள்தான். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள், கல்லூரி முதலாண்டு பையன்கள் நான்கு பேர், வீட்டு வேலை முடித்து வந்த பெண்கள் சிலர். சுண்டல் போட்டிருந்தோம். சுண்டலுக்குத்தான் வந்தார்கள் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டோம். நாங்கள் முதுகலை படித்த காலத்தில் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளுக்கு நாங்கள் போனதும் மதியச் சாப்பாட்டுக்கு நடுவில்தான். அங்கே மேடையில் பேசுகிறவர் விளிம்புநிலை மக்களைப் பற்றிப் பேசுவார். காலையில் அந்த அரங்கத்தைக் கூட்டித் துடைத்த அக்காக்கள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள், டீ கப் பொறுக்க. உள்ளே வாங்க என்று கூப்பிட எங்களுக்கும் தோன்றியதில்லை.

பட்லர் எப்படிக் கிடைத்தார் என்று சொல்ல வேண்டும். எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது, திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் குவியலில் 40 ரூபாய்க்கு ஒரு நாவல். 'கிண்ட்ரட்'. 1979-இல் வந்தது. முதல் சில பக்கம் கிழிந்திருந்ததால் யார் எழுதியது, எந்த ஊர் என்றே தெரியாமல் ஆரம்பித்தோம். விடுதியில் ஒருவர் மாற்றி ஒருவர் படித்தோம். தேர்வு நேரம் வேறு.

கதை இதுதான். 1976-இல் கலிஃபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், எழுத்தாளர். 26-ஆவது பிறந்தநாளன்று புது வீட்டில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருக்கும்போது தலை சுற்றுகிறது. கண் திறந்தால் மேரிலாந்தில் ஓர் ஆற்றங்கரை, 19-ஆம் நூற்றாண்டு, அடிமை முறை நடக்கும் காலம். ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் ஆற்றில் மூழ்கிக்கொண்டிருக்கிறான். காப்பாற்றுகிறாள். பிறகு தெரிகிறது, அவன் அவளுடைய மூதாதை. பண்ணை முதலாளியின் மகன். அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவள் அங்கே இழுக்கப்படுகிறாள். அவன் செத்தால் இவள் பரம்பரையே இல்லை. காப்பாற்றினால், வளர்ந்து, இவள் மூதாய்க்கு என்ன செய்யப்போகிறான் என்பது இவளுக்குத் தெரியும்.

எந்த இயந்திரமும் இல்லை, எந்த விஞ்ஞான விளக்கமும் இல்லை. ஏன் போனாள், எப்படிப் போனாள் என்று பட்லர் சொல்லவே மாட்டார். அதனால்தான் இது அறிவியல் புனைகதை இல்லை, ஒரு கொடூரமான ஃபேன்டஸி என்று அவரே சொல்லிவந்தார். ஃபேன்டஸி என்றால் குதிரை, வாள், ராஜகுமாரன் என்றிருந்த எங்களுக்கு அது பெரிய அடி. வேறு உலகத்துக்குப் போகிற கதைகளில் போகிறவர்கள் எப்போதும் அங்கே ராஜாவாகிவிடுவார்கள். இவள் போனால் அடிமை. நாங்கள் போனாலும் அதுதான். 200 வருடம் பின்னால் போய் இறங்கினால் எங்கே இறங்குவோம் என்று விடுதி மொட்டை மாடியில் ஒருநாள் பேசிப்பார்த்தோம். ஊர்த்தெருவில் இறங்கினால் காலி. சேரியில் இறங்கினால் நம் ஆட்களே நம் ஆங்கிலத்தைக் கேட்டுப் பேய் என்று ஓடிவிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டோம்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது. ஏனென்றால் அதே மாதத்தில்தான் நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதினோம். மைக்கேல் மாஃபட் என்ற அமெரிக்க மானுடவியலாளர், இதே செங்கல்பட்டு வட்டாரத்தில் எண்டாவூர் என்ற கிராமத்துச் சேரியில் ஆய்வு செய்து 1979-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒடுக்கப்பட்டவர்கள் சாதி அமைப்போடு அடிப்படையில் ஒத்துப்போகிறார்கள், மேலே உள்ளவர்கள் செய்வதையே தங்களுக்குள் நகலெடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். அதற்குப் பலரும் மறுப்பு எழுதியிருக்கிறார்கள். நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் கட்டுரையில் அதை மேற்கோள் காட்டி, எங்கள் முந்தைய தலைமுறையின் 'இசைவு' என்று ஒரு பகுதி எழுதினோம். கைகட்டி நின்றவர்கள், தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கியவர்கள், "சாமி" என்று கூப்பிட்டவர்கள். அவர்கள் இப்படி இருந்ததால்தான் இது இவ்வளவு காலம் நீடித்தது என்கிற தொனி. பேராசிரியர் பாராட்டினார். சுயவிமர்சனம் என்றார். நல்ல மதிப்பெண் வந்தது.

அந்தப் புத்தகமும் 'கிண்ட்ரட்'டும் ஒரே வருடத்தில் வந்தவை என்பதை இந்தக் கூட்டத்துக்குத் தயார் செய்யும்போதுதான் கவனித்தோம்.

இனி கூட்டத்துக்கு வருகிறோம்.

முதலில் டிலேனியைக் கொஞ்சம் பேசவைத்தோம். பட்லர் இளம் வயதில் எழுதக் கற்ற கிளேரியன் பயிலரங்கில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர். டிலேனியும் அடிமைச் சங்கிலியை வைத்து ஃபேன்டஸி எழுதியவர்தான், ஆனால் இருவரின் எழுத்துக்கும் ஒட்டே கிடையாது. இருந்தும் எங்கே கூப்பிட்டாலும் தங்கள் இருவரையும் சேர்த்தே கூப்பிடுகிறார்கள் என்று டிலேனி 1998-இலேயே எழுதினார். இதைப் படித்ததும் எங்களுக்குச் சிரிப்பு. ஏப்ரல் மாதம் வந்தால் போதும், தலித் எழுத்தாளர்களுக்கு அழைப்பு குவியும். ஏப்ரல் 14-க்கு ஐந்து கல்லூரியில் மேடை, மே பிறந்தால் ஆள் தெரியாது. ஒரே மேடையில் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத நான்கு பேரை உட்காரவைத்து நால்வருக்கும் ஒரே கேள்வி: "உங்கள் வலியைப் பற்றிச் சொல்லுங்கள்."

டிலேனியின் இன்னொரு கதை பிள்ளைகளுக்குப் பிடித்தது. 1960-களில் அவர் 'நோவா' என்ற நாவலைப் பத்திரிகைத் தொடராகப் போடக் கொடுத்தபோது, ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் நன்றாக இருக்கிறது என்றாராம். ஆனால் கறுப்பினக் கதாநாயகனை எங்கள் வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். விண்வெளிக் கப்பலை ஏற்கும் வாசகர் கறுப்பரை ஏற்கமாட்டார். பன்னிரண்டாவது படிக்கும் பெண் ஒருத்தி, "நம்ம சினிமா மாதிரி" என்றாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நடுவில் ஒரு பையன் எழுந்து, "அவங்களுக்கும் நமக்கும் இன்னாண்ணா சம்பந்தம்? அவங்க கலரு, நமக்கு சாதி" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இரண்டும் ஒன்றல்ல என்று முதலில் சொன்னோம். பிறகு, 1946-இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியதைச் சொன்னோம். அங்குள்ள கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். 1972-இல் மும்பையில் உருவான தலித் பாந்தர்ஸ் பெயரை எங்கிருந்து எடுத்தது என்பதையும் சொன்னோம். பையன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். திருப்தியா என்று தெரியாது.

அடுத்து பட்லரின் வீடு. அப்பா ஷூ பாலிஷ் போடுகிறவர், பட்லர் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர். லூசியானாவில் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர், மூன்று வருடப் படிப்போடு நிறுத்தப்பட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். முதலாளி வீட்டில் வேண்டாம் என்று எறிகிற புத்தகங்களைக் குப்பையிலிருந்து எடுத்து மகளுக்குக் கொண்டுவருவார். அட்டை இல்லாதது, கிறுக்கியது, கிழிந்தது, ஓரம் எரிந்ததுகூட. எது மகளுக்கு உதவும் என்று அவருக்குத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் கொண்டுவருவார். ஆறு வயதுவரை ராத்திரியில் கதை படித்துக்காட்டினார். மகளுக்குக் கதைப் பைத்தியம் பிடித்ததும் புத்தகத்தைக் கையில் கொடுத்து இனி நீயே படி என்றார்.

இந்த இடத்தில் எங்கள் பட்லருக்குக் குரல் தடுமாறியது. அதற்குக் காரணம் முன்வரிசையில், ஜன்னலோரம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் மூவரில் ஒருவரின் அம்மா. யாருடைய அம்மா என்று இங்கே எழுதப்போவதில்லை. "எழுதிக்கோ, பேரு போடாத" என்று அவரே சொன்னார். ஒரு நகராட்சியில் தெரு கூட்டி ஓய்வு பெற்றவர். இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறார்கள், அவர் காலத்தில் துப்புரவு என்றார்கள், தெருவில் கூப்பிட்ட பெயரை எழுதவேண்டியதில்லை. விடிவதற்கு முன் போய் வருகைப் பதிவு போட்டுவிட்டு, துடைப்பமும் தள்ளுவண்டியுமாக மதியம்வரை. அந்த வண்டியிலிருந்துதான் அந்த வீட்டுக்குப் புத்தகம் வந்தது. அம்புலிமாமா, ராணி காமிக்ஸ், யாரோ எழுதிக் கிழித்த பத்தாம் வகுப்பு நோட்ஸ், ஒருமுறை பாதி ஆங்கில அகராதி. எடைக்குப் போட்டிருந்தால் டீச்செலவுக்காவது ஆகியிருக்கும். போடவில்லை. இதற்காக வீட்டில் அப்பாவோடு சண்டை நடந்திருக்கிறது. வேதாளக் கதைகளில் பெரும்பாலும் கடைசிப் பக்கம் இருக்காது, நனைந்தோ கிழிந்தோ போயிருக்கும். வேதாளம் கேள்வி கேட்கும், விக்கிரமாதித்தன் பதில் அடுத்த பக்கத்தில், அடுத்த பக்கம் குப்பையில். பதிலை நாங்களே சொல்லிக்கொண்டோம். எங்கள் ஃபேன்டஸி வாசிப்பு அந்த வண்டியிலிருந்து தொடங்கியது.

பட்லரின் அம்மா வேலைக்குப் போகும் வீடுகளில் பின்வாசல் வழியாகத்தான் நுழைவார். அவர் அங்கே இருப்பதையே கவனிக்காததுபோல் அவரைப் பற்றி அவர் முன்னாலேயே பேசுவார்கள். அவர் எதுவும் சொல்லமாட்டார். சின்ன வயதில் இதையெல்லாம் கூடவே போய்ப் பார்த்த பட்லருக்கு அம்மாவை நினைத்து வெட்கமாக இருந்திருக்கிறது, அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வெட்கத்திலிருந்துதான் 'கிண்ட்ரட்' வந்தது என்றும்.

"பொழக்கட வழியாத்தானா? அங்கியுமா?" என்று கேட்டார் அம்மா.

ஆமாம் என்றோம்.

பிறகு கல்லூரிக் கதை வந்தது. பட்லர் படித்த காலத்தில் கறுப்பின உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. உடன் படித்த ஒரு கறுப்பின இளைஞர், வரலாறெல்லாம் நன்றாகத் தெரிந்தவர், ஒருநாள் சொல்கிறார்: நம்மை இவ்வளவு காலமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும் இந்தக் கிழடுகளையெல்லாம் கொல்ல வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் என் அப்பா அம்மாவிடமிருந்து தொடங்க வேண்டியிருக்குமே, அதனால் முடியவில்லை.

பின்வரிசையில் கைதட்டல்.

நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அந்த இளைஞனின் வார்த்தை தவறு என்று காட்டத்தான் பட்லர் அந்த நாவலையே எழுதினார், அதைச் சொல்லத்தான் அந்தப் பகுதியைச் சேர்த்திருந்தோம். கைதட்டிய பையன் கல்லூரி முதலாண்டு. எழுந்து நின்று சொன்னான்: "கரெக்டுதானேக்கா? எங்க தாத்தா இன்னிக்கும் ஊர்க்காரங்க பைக் வந்தா துண்ட எடுத்துடுவாரு. யாரும் கேக்கல. பழக்கம். எனக்கு எவ்ளோ கேவலமா இருக்கும் தெரியுமா? எங்க காலேஜ் பசங்க பாத்துட்டாங்கன்னா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் சொன்னது எங்கள் கருத்தரங்கக் கட்டுரைதான், அடிக்குறிப்பு மட்டும் இல்லை.

கேள்வி கேட்பவராக இருந்தவர் பதில் சொல்பவராக மாறி, நாவலில் வரும் சாராவைப் பற்றிச் சொன்னார். சாரா பண்ணையின் சமையல்காரப் பெண். முதலாளி வீட்டுக்குப் பொங்கிப் போடுகிறவள், வாயைத் திறக்காதவள். டேனா முதலில் அவளை உள்ளுக்குள் இளக்காரமாக நினைக்கிறாள். பிறகு தெரிகிறது, சாராவின் மூன்று பிள்ளைகளை விற்றுவிட்டார்கள். எஜமானியம்மாவுக்குப் புது மேசை நாற்காலி, புதுப் பீங்கான் தட்டு வாங்க. வாய்பேச முடியாத ஒரு மகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த ஒருத்திக்காகத்தான் சாரா வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். இதையும் சொன்னோம்: முதலில் பட்லர் காலம் கடந்து போகிறவனை ஆணாக வைத்துத்தான் எழுதிப் பார்த்திருக்கிறார். 1976-இன் நிமிர்ந்த தலையோடு போகிற கறுப்பின ஆணை அந்தக் காலத்தில் உயிரோடு விட்டிருக்கமாட்டார்கள், கதை நடப்பதற்குள் கொன்றிருப்பார்கள் என்று புரிந்த பிறகே பெண்ணாக மாற்றினார்.

பையன் விடவில்லை. "அது கதக்கா."

அப்போது அம்மா பேசினார். நாற்காலியிலிருந்து எழவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. "தம்பி, கைகட்டி நிக்கலன்னா மறுநாள் வேல இல்ல. வேல இல்லன்னா இதுங்களுக்கு இஸ்கூலு இல்ல. அவ்ளோதான் கணக்கு."

நாங்கள் காத்திருந்த வாக்கியம். உடனே எங்கள் பட்லர் காகிதத்தை மடித்துவிட்டு, அதுதான் உண்மையான தைரியம், அதுதான் எதிர்ப்பு, தலைகுனிந்து நின்றுகொண்டே அடுத்த தலைமுறையை நிமிர்த்தியவர்கள் என்று ஆரம்பித்துவிட்டாள். சமூகப்பணியில் பத்து வருடம் இருந்தால் இந்த மாதிரி வாக்கியங்கள் தானாக வரும்.

அம்மா கையை ஆட்டி நிறுத்தினார். "தைரியமும் இல்ல ஒண்ணும் இல்ல. பயம். சூப்பரைசர் வந்தா வவுறு கலக்கும். பயத்த பயம்னு சொல்லு. அத வேற பேரு சொல்லி நீங்க எதுக்கு எடுத்துக்கிறீங்க?"

யாரும் எதுவும் பேசவில்லை. பையன்கூட உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அவர் கேட்டார்: "அந்தம்மா புள்ள எழுதுன பொஸ்தகத்த அவங்கம்மா படிச்சாங்களா? மவளுக்கு வெக்கமா இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

எங்கள் காகிதக் கட்டில் அதற்குப் பதில் இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றார், எங்களில் ஒருவரைப் பார்த்து. "இஸ்கூலு ரோட்ட நான் கூட்டுற வாரம் நீ ஏரிக்கர வழியா சுத்திக்கினு போவ. அந்தப் பக்கம் சேறு. சாக்ஸெல்லாம் சேறா வரும். நான்தான தொவச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டார். ஒரு பெண் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தாள்.

டிலேனியாக இருந்தவரிடம் இன்னும் நான்கு பக்கம் மீதி இருந்தது. எழுத்தறிவு, புதிய ஊடகங்கள் பற்றிய பகுதி. 1998-இல் கணினி யார் கைக்குப் போகும், யார் கைக்குப் போகாது என்பதெல்லாம் முக்கியமான பேச்சுதான். அவர் படிக்க ஆரம்பித்தார், இரண்டு பத்தியில் நிறுத்திவிட்டார். கூட்டம் அத்தோடு முடிந்தது. நன்றியுரை சொல்ல மறந்துவிட்டோம்.

அன்றிரவு மூவரும் பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றோம். ஏரிக்கரை ஒருவருடைய கதை. ஆனால் மற்ற இருவரிடமும் ஒரு ஏரிக்கரை இருந்தது. ஒருவர் பள்ளிப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் பறையடிப்பவர் என்று எழுதாமல் 'கூலி' என்று எழுதியவர். இன்னொருவர் பல்கலைக்கழக விடுதிக்கு அம்மா வந்தபோது, பக்கத்து அறைப் பெண்ணிடம், ஊரிலிருந்து தெரிந்தவங்க என்று சொன்னவர். இத்தனை வருடப் பழக்கத்தில் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. மேடையில் நாங்கள் மூவரும் 'சாதி தரும் அவமானம்' பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்! அவமானத்தைச் சாதி இந்துக்கள் எங்களுக்குக் கொடுத்தார்கள், நாங்கள் அதை வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோய் யாரிடம் கொடுத்தோம் என்பது மட்டும் எந்த உரையிலும் வரவில்லை.

இயக்கத்திலும் இது இருக்கிறது என்றே நினைக்கிறோம். கீழ்வெண்மணி 1968, மேலவளவு 1997 என்று நாங்கள் நினைவுகூருகிற நாட்கள் எல்லாம் எதிர்த்து நின்று செத்தவர்களுடையவை. நினைவுகூரத்தான் வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தச் சுவரொட்டியைப் பார்த்து வளரும் பையனுக்கு, எதிர்த்து நிற்காமல் உயிரோடு இருக்கிற தன் தாத்தாவை என்ன செய்வது என்று தெரியவில்லை. கேவலம் என்கிறான். நாங்களோ கொஞ்சம் படித்துவிட்டதால், அதே தாத்தாவைப் பிடித்து 'மறைமுக எதிர்ப்பாளர்' ஆக்கிவிடுகிறோம். அதுவும் எங்கள் வெட்கத்தை மூடத்தான் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார். பயந்தவரைப் பயந்தவராகவே மதிக்க எங்களுக்கு இன்னும் வரவில்லை.

பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தக் கருத்தரங்கக் கட்டுரையை எடுத்துப் பார்த்தோம். 22 பக்கம். அதில் கள ஆய்வு என்று ஒரு பகுதி இருக்கிறது. எட்டுப் பேரிடம் நேர்காணல் எடுத்திருக்கிறோம். எங்கள் வீட்டு ஆட்கள் ஒருவர்கூட அதில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் போனபோது அம்மா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பையனும் வந்திருந்தான். தாத்தாவை அழைத்து வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "அந்தச் சமையக்கார அம்மா இன்னா ஆனாங்க?" என்று அம்மா கேட்டார். அதனால் இப்போது வாரம் பத்துப் பக்கம் என்று 'கிண்ட்ரட்'டை ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறோம். மெதுவாகத்தான் நகர்கிறது. கிழிந்துபோன முதல் பக்கங்களை வேறொரு பிரதியிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறோம்.

போன வாரம் சாராவின் இடம் வந்தது. பண்ணை வீட்டிலிருந்து தள்ளி, தனியாக இருக்கும் சமையல் கட்டடம். எங்களில் ஒருத்தி அதைச் 'சமையற்கூடம்' என்று படித்தாள்.

"அடுப்படின்னு சொல்லு" என்றார் அம்மா. திருத்திவிட்டு மேலே படித்தோம்.